எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டால் போதுமா?

சாக்கன், சானந்த் பக்கம் ப்ரொடக்‌ஷனில் இருக்கும் நம்மவர்களுக்காக இந்தப் பதிவு. வீட்டில் கேஸ் சிலிண்டர் நகர்த்துகிறவர்களும் படிக்கலாம் :-)

லைனில் பளு தூக்கும் வேலையைச் சோதிக்கப் போனால் நம் ஆட்கள் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை கிலோ?" ஆண்களுக்கு 55 கிலோ என்று ஐ.எல்.ஓ. 1967-ல் பரிந்துரைத்த கணக்கு இன்னும் பலர் மனதில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் 12 கிலோ காஸ்டிங் ஒரு பொருட்டா என்ன?

பொருட்டுதான். அமெரிக்காவின் நியோஷ் 1991-ல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே உச்சம் 23 கிலோ. கணுக்காலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் பாதி, 11.5. அதையே தரையிலிருந்து எடுத்தால் 9-க்குக் கீழே. உடம்பை 90 டிகிரி திருப்பினால் 6 சொச்சம். நிமிடத்துக்கு எத்தனை தடவை என்பதை இன்னும் சேர்க்கவேயில்லை! ஆகவே டேப் வைத்து அளக்க வேண்டிய இடம் பாலட்டின் அடி வரிசை, தூரத்து மூலை.

"பெல்ட் கொடுத்தாச்சே" என்பார்கள். பெல்ட் முதுகைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1994-லேயே நியோஷ் சொல்லிவிட்டது.

"எங்க ரிஜிஸ்டர்ல முதுகுவலியே இல்லையே?" எப்படி இருக்கும்? பீகாரிலிருந்து வந்த காண்ட்ராக்ட் பையன் வலியைச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. பேசாமல் ஊருக்கு ரயில் ஏறிவிடுவான். நாமும் பிழைக்க வந்தவர்கள்தான், ஆனால் நம் கையில் மெடிக்கல் கார்டு இருக்கிறது.

பாலட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற ஒரு சிசர் டேபிள். அடுத்த பட்ஜெட்டில் பெல்ட்டுக்குப் பதிலாக அதைக் கேட்டுப் பாருங்கள்.