ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் பலகை

கார் வாங்கினால் முதல் வேலை கோவில் வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. பழைய கார் என்றாலும் இதற்கு விலக்கு கிடையாது. அடுத்த வாரமே நடக்கிற இரண்டாவது வேலை பாட்டு சிஸ்டத்தை மாற்றுவது. சென்னைக்காரர் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கொஞ்சம் சிக்கனக்காரர் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட். கடைக்காரர் எடுத்து வைக்கும் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு வாட்ஸ் எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காசு கைமாறுகிறது.

வீட்டுக்கு வந்து சத்தத்தைக் கூட்டினால் கதவு கடகடக்கிறது. பாடகர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிறார். பேஸ் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பக் கடைக்குப் போனால், "ஆம்ப் போடணும் சார்" என்கிறார்கள். ஆம்ப் போட்டால் கடகடப்பும் சேர்ந்து பெரிதாகிறது. அப்புறம் டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு சப்வூஃபர் வருகிறது. ஒவ்வொரு படியிலும் சரியாக நடக்கிற ஒரே விஷயம், பர்ஸ் இளைப்பது.

பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை. அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பலகையில் வட்டமாக அறுத்த ஒரு வளையம், நாலு போல்ட், கொஞ்சம் ஸ்பாஞ்ச் பட்டி. இந்தச் சமாச்சாரம் கடைப் பேச்சிலேயே வராது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஆம்ப் விற்பதில் இருக்கிற லாபம் பலகைத் துண்டில் இல்லையே!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது அதற்கு முன்னே காற்று அழுந்துகிறது, பின்னே அதே நேரத்தில் இளகுகிறது. இரண்டு பக்கத்துக் காற்றும் ஓரத்து இடைவெளி வழியாகச் சந்தித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். கீச்சு ஒலிகள் எப்படியோ தப்பித்துவிடுகின்றன, அடி வாங்குவது பேஸ்தான். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு ஸ்பீக்கரை வெறும் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பார்க்கலாம். ஈ கத்துகிற மாதிரி இருக்கும். அதையே ஓட்டை போட்ட ஒரு பெரிய பலகையில் வைத்து அழுத்தினால் திடீரென்று குரலுக்கு நெஞ்சு முளைக்கும். செலவு எதுவும் இல்லாத பரிசோதனை.

இப்போது ஆம்ப் கணக்குக்கு வந்தால், வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு 'சத்தம் இரட்டிப்பாச்சு' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு பவர் பத்து மடங்கு. அதாவது 50 வாட்ஸ் 500 ஆக வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று இன்னும் பெரிய மோட்டார் வாங்குகிற கதைதான் இது.

ஆக, வளையத்தை வீட்டிலேயே செய்யலாமா? தாராளமாக. செய்யவும் வேண்டும். கார் கம்பெனிகள் கதவில் விடுகிற ஓட்டை வண்டிக்கு வண்டி வேறு. 'ஆறரை இஞ்ச்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வெட்டும் அளவு ஒவ்வொரு தயாரிப்பிலும் சில மில்லிமீட்டர் மாறும். அவரவர் கதவுக்கு அவரவர் அளவெடுத்துச் செய்வதுதான் சரியாகப் பொருந்தும்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, காலண்டர் அட்டையில் ஓட்டையின் அச்சை எடுத்துக்கொள்வது முதல் வேலை. அடுத்ததுதான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். ஜன்னல் கண்ணாடியை முழுசாகக் கீழே இறக்கிவிட்டு ஆழத்தை அளக்க வேண்டும். கண்ணாடி மேலே இருக்கும்போது அளந்துவிட்டு, மாட்டி முடித்த சந்தோஷத்தில் பட்டனை அமுக்கினால், காந்தத்தில் கண்ணாடி 'டக்'கென்று இடிக்கும். சில சமயம் 'டக்'கோடு நிற்காது. ஆழம் போதவில்லை என்றால் வளையத்தின் தடிமனைக் கூட்டி ஸ்பீக்கரை உள்பக்கமாகக் கொண்டுவரலாம். அப்போது கதவு அட்டை திரும்ப உட்காருகிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தப் பலகை என்பதில் பெரிய சண்டையே உண்டு. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எம்.டி.எஃப். வாங்குகிறார்கள். அறுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் கார் கதவின் உள்ளே காய்ந்த இடம் கிடையாது. மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போகும்படிதான் கதவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சரியாகப் பூசாத எம்.டி.எஃப். வளையம் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையில் டீயில் நனைந்த பிஸ்கட் ஆகிவிடும். மரைன் பிளைவுட்டுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் தாக்குப்பிடிக்கும். இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி, பாத்திரக்கடையில் கிடைக்கும் தடிமனான பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை. தண்ணீர் குடிக்காது, உளுக்காது, ஆசாரியிடம் கொடுத்தால் ஜிக்ஸாவில் நிமிஷத்தில் வட்டம் வெட்டித் தந்துவிடுவார். (வீட்டில் இருக்கிற பலகையைத் தூக்கிக்கொண்டு போவது அவரவர் துணிச்சலைப் பொறுத்தது.)

வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஸ்பாஞ்ச் பட்டி, தகரத்தில் புதிதாகப் போட்ட ஓட்டையின் விளிம்பில் துருப்பிடிக்காமல் இருக்க பெயிண்ட், கதவுத் தகரத்தின் உள்பக்கம் பியூட்டைல் ஷீட். கடகடப்பு போக இந்த ஷீட்தான் காரணம். ஆனால் மொட்டை மாடிக்கு ஒட்டுகிற தார் ஷீட் விலை குறைவு என்று அதை ஒட்டுகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரைத் திறந்தால் ரோடு போடுகிற வாசனை வரும். எந்த ஷீட்டாக இருந்தாலும் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மூடிவிட்டால் கதவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாக அந்தந்த மாடலுக்கான கப்ளர் வாங்கிச் சொருகுவது மேல். கம்பெனி வயர் வெட்டப்பட்டிருந்தால் வாரண்ட்டி கேட்டுப் போகும் நாளில் வாயைத் திறக்க முடியாது.

இத்தனை சொன்னபிறகு, வீட்டில் செய்யவே கூடாத சில வேலைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரேயை அறுத்து 6x9 ஓவல் ஸ்பீக்கர் மாட்டுவது. மாருதி 800 காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த வண்டியின் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது, வழக்கம் நிற்கவில்லை. சின்னக் கார்களில் அந்த டிரே கொக்கியில் தொங்குகிற வெறும் தட்டு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், காந்தத்தோடு இருக்கும் அந்த ஸ்பீக்கர் நிற்காது. அதே 50-ல் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலையை நோக்கி வரும். பாட்டு வேறு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். எந்தக் கச்சேரியில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள்?

இரண்டாவது, கண்ணாடி ஓரத்துத் தூணில் ஃபைபர்கிளாஸ் வைத்து ட்வீட்டர் கூடு கட்டுவது. படத்தில் பார்க்க ஜோராக இருக்கும். பனியன் துணியை இழுத்துக் கட்டி, ரெசின் பூசி, மேட் ஒட்டி, தேய்த்து... ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் புகைக்குக் கர்ச்சீப் போதாது, ரசாயன ஆவியை வடிக்கும் முகமூடியே வேண்டும். அதில் கலக்கும் ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அபார்ட்மெண்ட் பால்கனியில் செய்கிற வேலை இல்லை. பல கார்களில் அந்தத் தூணோரமாகத்தான் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். எனவே 'சாதாரண வண்டிதானே, உள்ளே என்ன இருக்கப்போகிறது' என்று எதையும் பிடுங்குகிற காலம் போய்விட்டது. சில மாடல்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார், கதவின் உள்ளே ஏறும் காற்றழுத்தத்தை வைத்தே வேலை செய்கிறது. அந்தக் கதவில் இஷ்டத்துக்கு ஓட்டை போடுவது வம்பு. சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் தொடவே கூடாது.

'நம்ம ரோட்டு இரைச்சலில் இவ்வளவு மெனக்கெடணுமா?' என்று ஒரு கேள்வி வரும். இரைச்சல் இருப்பதால்தான் மெனக்கெட வேண்டும். டயர் சத்தத்தில் பேஸ் முழுகிப்போகிறது, அதைத் தேடித்தான் வால்யூம் ஏறுகிறது. அமெரிக்காவின் நியாஷ் அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபல் ஆகும்போது மிச்சம் 15 நிமிஷம். தாம்பரத்திலிருந்து கிண்டி வருவதற்குள் அது தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று, ஆசாரி கூலி, ஒரு பலகை. கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரையும் ஸ்க்ரூக்களையும் ஒரு பையில் போட்டுப் பரணில் வைத்தால், வண்டியை விற்கும்போது அதையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். நல்ல ஸ்பீக்கர் அடுத்த வண்டிக்குப் போகும். வளையத்தை மட்டும் புதிதாக அறுக்க வேண்டியிருக்கும்.