தூக்க முடிகிற கையும் வேலை செய்கிற கையும்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கை கால் வந்துடுச்சா?" என்பதுதான். வீட்டார் 'பரவாயில்லை' என்பார்கள்; மருத்துவக் குறிப்பில் 'முன்னேற்றம் உள்ளது' என்றிருக்கும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எது முன்னேறியது, எவ்வளவு என்று கேட்டால் பதில் மங்கிவிடுகிறது. அளவுகோல்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1965-இல் வெளியான பார்த்தெல் குறியீடு இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது எனப் பத்து அன்றாடக் காரியங்களைப் பிறர் உதவியின்றிச் செய்கிறாரா என்று பார்த்து 100-க்கு மதிப்பெண் தருகிறது. துணைக்கு ஆள் வேண்டுமா என்று முடிவெடுக்க அது நல்ல கருவி. எந்தக் கையால் செய்தார் என்பதை மட்டும் அது கேட்பதில்லை. வலக்கை விழுந்தவர் எல்லாவற்றையும் இடக்கையாலேயே செய்யப் பழகி 100 வாங்கிவிட முடியும். வலக்கை முதல் நாள் கிடந்தபடியே கிடக்கும்.

பாதிக்கப்பட்ட கையையே சோதிக்கும் முறைகளும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் தோளை உயர்த்த முயன்றால் முழங்கையும் விரல்களும் சேர்ந்து மடங்கிக்கொள்வது வழக்கம். ஒரு மூட்டைத் தனியே அசைக்க வராது. அந்தப் பிணைப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது, ஸ்வீடனில் ஆக்செல் ஃபூகல்-மேயரும் உடன் பணியாற்றியவர்களும் 1975-இல் வெளியிட்ட மதிப்பீடு. ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1, 2 என்று போட்டு, கைக்கு மொத்தம் 66 என்று கணக்கிடுகிறது. 1981-இல் வந்த 'ஆக்‌ஷன் ரிசர்ச் ஆர்ம் டெஸ்ட்', மரக்கட்டை, பந்து, கோலிக்குண்டு போன்றவற்றை எடுத்து வைக்கச் சொல்லி 57-க்கு மதிப்பிடுகிறது. மீட்புச் சிகிச்சை ஆய்வாளர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று, இனி ஆய்வுகளில் இவ்விரண்டையும் பயன்படுத்த வேண்டும், அதுவும் நோய் வந்த நாளிலிருந்து எண்ணிக் குறித்த காலங்களில் அளக்க வேண்டும் என்று 2017-இல் பரிந்துரைத்தது. இந்த நாள்கணக்கு மிக முக்கியம். முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு மீள்கிறது. எப்போது அளந்தோம் என்பது தெரியாவிட்டால், அந்த இயல்பான மீட்சியின் பெருமை அந்த வாரம் தேய்த்த எண்ணெய்க்குப் போய்ச் சேரும். குடும்பம் கடன் வாங்கியாவது அதைத் தொடரும்.

ஆனால் இவ்வளவு கவனமான சோதனைகளும் சிகிச்சை அறையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. 'செய்யுங்கள்' என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் கையால் என்ன முடியும் என்பதே அவை சொல்வது. யாரும் சொல்லாதபோது வீட்டில் அந்தக் கை என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. நோயாளியின் வாழ்க்கை இருப்பது அந்தக் கேள்வியில்தான். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு இதை அப்பட்டமாகக் காட்டியது. பல வாரப் பயிற்சிக்குப் பின் அறைக்குள் எடுத்த மதிப்பெண் உயர்ந்தது. இரு மணிக்கட்டிலும் கட்டியிருந்த அசைவுணரிகளோ, அன்றாட வாழ்வில் அந்தக் கையின் பயன்பாடு கூடியதாகக் காட்டவில்லை. நோய் வந்த முதல் வாரங்களில் முயன்று முயன்று தோற்ற கையை மூளை ஒதுக்கிவிடுகிறது, பின்னர் வலு திரும்பினாலும் ஒதுக்கும் பழக்கம் நிலைத்துவிடுகிறது என்று உளவியலாளர் எட்வர்ட் டாப் இதற்கு விளக்கம் தந்தார். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரமெல்லாம் பலவீனமான கையையே பயன்படுத்தவைக்கும் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டே வாரச் சிகிச்சையின் பலன் ஓராண்டுக்குப் பிறகும் தெரிந்தது. பழக்கத்தை மாற்ற முடியும். ஆனால் பழக்கம் இருப்பது முதலில் கண்ணில் பட வேண்டும்.

நம் வீடுகளில் அந்தப் பழக்கம் இறுகுவதற்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. ஊட்டிவிடுவதும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் அன்பின் வடிவங்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அதோடு, வலக்கையால் சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது கட்டையை எடுத்து வைப்பதைவிட நுட்பமான வேலை. இடக்கையால் உண்ணக் கூச்சப்படுகிறவர் பலர். ஊட்டிவிடச் சம்மதிப்பது அவர்களுக்குக் கௌரவமாகத் தெரிகிறது. வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வேட்டி கட்டுவது, சேலைக்கு மடிப்பு வைப்பது, சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது, சோறு பிசைவது ஆகியவற்றைக் கேட்டால்தான் நம் நோயாளியின் கை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

மணிக்கட்டு உணரிகளை நம்ப முடியுமா என்று கேட்பது நியாயமே. நடக்கும்போது சும்மா ஆடுகிற கையையும் அவை 'பயன்பாடு' என்று எண்ணிவிடக்கூடும். இதைப் பிரித்தறியும் வழிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப்பொறியியல் துறையினரே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். உணரி இல்லாத இடத்தில் கேள்வி போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். வேறெந்த மருத்துவருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. நோயாளி சாப்பிடும் இடத்திலேயே உட்கார்ந்து, 'இந்த வாரம் எதையெல்லாம் அந்தக் கையால் செய்தீர்கள்?' என்று அவரால் கேட்க முடியும். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருப்பவருக்கு இது கூடுதல் சுமை என்பது உண்மைதான். முழு ஃபூகல்-மேயர் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் அதை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதைச் செய்தால் போதும். இடையில் நான்கைந்து கேள்விகள்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே சிகிச்சையைத் தொடரவைத்தும், ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களுமாக, அப்படிப் பயிற்சி பெற்ற தரப்பிலும் பெறாத தரப்பிலும் 47 சதவீதம். வீட்டில் செய்வது பலன் தராதபோது வீட்டில் அளந்து என்ன பயன்? அந்த முடிவை மழுப்பாமல் ஏற்க வேண்டும். அதே நேரம், அங்கே முதன்மையாக அளக்கப்பட்டது பிறரைச் சார்ந்திருக்கும் நிலை; கை எவ்வளவு வேலை செய்தது என்பதல்ல. பயிற்சி எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று இறுதி எண் ஒன்றால் சொல்ல முடியாது. சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து 2009-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, கையை வேலையில் ஈடுபடுத்தும் பயிற்சி ஒரு அமர்வில் சராசரியாக 32 முறைதான் நடந்ததைக் கண்டது. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளில் அது நூற்றுக்கணக்கில் இருந்தது. போதாமை எங்கே என்று அவர்கள் கண்டது எண்ணிப் பார்த்ததால்தான்.

குறைந்த எண்ணைக் கண்டால் நோயாளி மனம் உடைந்துபோவார் என்று சொல்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 'முன்னேற்றம்' என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் எதுவும் மாறாததைக் காண்கிறவர் தன் முயற்சியைத்தான் சந்தேகிப்பார். கை என்ன செய்யக்கூடும், இப்போது என்ன செய்கிறது என்ற இரண்டும் நோய் வந்த தேதியோடு ஒரே தாளில் எழுதப்பட்டு, கோப்பில் தங்கிவிடாமல் குடும்பத்திடம் தரப்பட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமிருந்தால் கையில் வலு இருந்தும் பயன்படவில்லை என்று பொருள். வீட்டுப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சை அவருக்குத் தேவை. இரண்டுமே தாழ்ந்திருந்தால் அசைவை மீட்கும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும்.