வில்லைக்கேற்ற கேமரா

வீட்டில் பழைய வில்லைகள் இருப்பின், அவற்றுக்கெனப் படச்சுருள் கேமராவின் உடற்பகுதியை மட்டும் பழையதாக வாங்கலாம். அப்போது கேமராவின் புகழை நோக்காது, வில்லை பொருந்தும் வளையத்தையே முதலில் நோக்க வேண்டும். நிக்கான் 1959இலும் பென்டாக்ஸ் 1975இலும் வெவ்வேறு வளையங்களை அறிமுகப்படுத்தின. ஒன்றற்குரிய வில்லை மற்றொன்றில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் கவனம் தேவை. 1977க்கு முற்பட்ட நிக்கான் வில்லைகளை, உரிய மாற்றம் செய்யாமல் எஃப்எம்2 கேமராவில் பொருத்தலாகாது.

அடுத்து, வாழும் இடத்தை எண்ணுதல் வேண்டும். அந்தமானில் இரு பருவமழைகளும் பெய்கின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3000 மி.மீ. ஈரமும் உப்புக்காற்றும் மின்சுற்றுகளை அரிக்கும். பழுதானால் உதிரிப்பாகங்கள் கிடைப்பதும் அரிது. ஆகவே, மின்கலம் இன்றியே ஷட்டர் இயங்கும் நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்றவையே இத்தீவுகளுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. இவற்றில் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே பயன்படுகிறது.

மின்னணுக் கேமராவில் பிழை குறையும், விலைமிக்க படச்சுருள் வீணாகாது என்பர் சிலர். அது உண்மையே. ஆயினும், ஒளியைத் தவறாகக் கணித்தால் ஒரு படமே கெடும். மின்சுற்று பழுதானால் கேமராவே பயனற்றுப் போகும்.

வாங்குமுன் பின்மூடியைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கிப் பாருங்கள். ஒளி புகாமல் காக்கும் நுரைப்பட்டை உதிர்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதீர்கள். நம்மிடமுள்ள நல்ல வில்லைகளைக் காப்பதே முதன்மையானது.