தேயிலைக்கு உறவினர் யார்?

கவ்வாத்துக் கத்திக்குத் தப்பி உயர்ந்துவிட்ட தேயிலைச் செடி பூத்து நிற்பதைப் பதுளை, பசறைப் பக்கத்துப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். வெண்ணிற இதழ்கள், நடுவே பொன்னிறக் கேசரங்கள் கொத்தாய் நிற்கும். விகாரை வாயிலில் நிற்கும் நாகமரத்தின் பூவையும் சற்று நினைத்துப் பாருங்கள். அளவில் பெரிது, மற்றபடி அதே வெண்மை, அதே பொற்கொத்து! இரண்டும் ஒரு குலத்தன என்று யாருக்குத்தான் தோன்றாது?

தாவர சாஸ்திரிகளுக்கும் அப்படியே தோன்றிற்று. 19ஆம் நூற்றாண்டில் பெந்தம், ஹூக்கர் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் வகுத்த முறையில் தேயிலை, நாகம், புன்னை, கொறக்காப்புளி யாவும் ஒரே வருணத்துள் அடங்கின. குடும்பங்கள் பல சேர்ந்த கூட்டமே வருணம் என்பதை மாணவர் அறிவர். 1893இல் வெளிவரத் தொடங்கிய டிரைமனின் இலங்கைத் தாவர நூலும் அம்முறையைத் தழுவியதே.

1993இல் இந்தப் பழைய உறவுமுறைகள் ஆட்டங்கண்டன. மார்க் சேஸ் முதலான ஆராய்ச்சியாளர் 42 பேர், 499 விதைத் தாவரங்களில் ஒரே பரம்பரை அலகை எடுத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டனர். பச்சையவுருமணியில் உள்ள அவ்வலகு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து உணவாக்கும் நொதியத்துக்கு உரியது.

ஒப்பிடுவது எங்ஙனம்? நம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிய கதையை நினைவிற் கொள்க. ஏடு பெயர்த்தெழுதியவன் ஓரிடத்திற் பிழைத்தால், அவன் ஏட்டைப் பார்த்து எழுதியோரும் அப்பிழையைச் சுமப்பர். சுவடியின் கட்டும் சட்டமும் வேறாயிருக்கலாம்; பிழை தாயேட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். செடிகளின் பரம்பரை அலகிலே தலைமுறை தலைமுறையாக விழுந்த எழுத்து மாற்றங்களும் அவ்வாறே வம்சம் சொல்லுகின்றன.

இதனைக் கொண்டு 1998இல் பூக்குந் தாவரங்களுக்குப் புதுமுறை ஒன்று வகுக்கப்பட்டது. மும்முறை திருத்தம் பெற்று, 2016இல் அது 64 வருணங்களும் 416 குடும்பங்களுமாக அமைந்தது. நாகமும் புன்னையும் இறப்பர், ஆமணக்கு, மரவள்ளியோடு போய்ச் சேர்ந்தன! தேயிலைக்கு வாய்த்த சுற்றமோ அதனினும் வேடிக்கை: லயத்து வாசலிற் பூக்கும் காசித்தும்பை, கோயில் மகிழ மரம், இலுப்பை, கருங்காலி, ஒஹியா வழியே ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர் காணும் செம்பூ மரமாகிய மஹரத்மல். இதழ் ஒட்டியதா தனித்ததா என்ற கணக்கினாலேயே முன்னோர் மகிழையும் மஹரத்மலையும் தேயிலைக்குத் தூரமாக வைத்திருந்தனர்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1946இல் இலங்கையிற் புகுந்த கொப்புள நோயைப் பற்றித் தோட்டத்து முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் இளங்கொழுந்தையே பற்றும் நோய் அது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தானே! அந்நோய் தரும் பங்கசின் நெருங்கிய இனங்கள் பல, மஹரத்மலின் குடும்பத்துச் செடிகளையே நாடி வாழ்வன. சாஸ்திரிகளுக்கு முன்பே பங்கசு இந்த உறவை மோப்பம் பிடித்துவிட்டது போலும்!

ஆனால் நோய் தாங்கும் செடியை ஆக்க விரும்புவோர் இத்தூரத்து உறவை நம்பிப் பயனில்லை. காசித்தும்பையைத் தேயிலையோடு கலக்க முடியாது. கமேலியா என்னும் நெருங்கிய கூட்டத்துள்ளேதான் கலப்பு நிகழும். பெருஞ்சுற்றத்திலும் காசித்தும்பையின் கிளையே முதலிற் பிரிந்து சென்றதென்பது தெளிவு. எஞ்சிய குடும்பங்களுள் தேயிலைக்கு உடன்பிறந்தார் யார், ஒன்றுவிட்டார் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.