ஸ்கூட்டர் அடம் பிடிக்கும் காலையில்...



சென்ற மாரி காலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணியிருக்கும். அயல் வீட்டுத் தங்கச்சி கண் கலங்க எங்கள் கேற்றடியில் வந்து நின்றாள். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். இவள் பாலர் பாடசாலையொன்றில் கற்பிக்கிறாள்.

"ராத்தா, பைக் திரும்பவும் ஸ்டார்ட் ஆகுதில்ல. போன மாசம்தானே புதுப் பற்றரி போட்ட... இனி மாமிட முகத்தில எப்பிடி முழிக்கிற?" என்றாள்.

அவளது கவலை பைக்கைப் பற்றியது மட்டுமல்ல. "பொம்பளைக்கு எதுக்கு பைக்?" என்று மாமி ஆரம்பத்திலேயே சொன்னவர். இப்போது இரண்டாம் முறையும் செலவென்றால் ஓட்டமும் நிற்கும், தொழிலும் நிற்கும்.

சேர்ந்து போய்ப் பார்த்தோம். திறப்பைத் திருப்பி ஹோர்னை அடித்தால் கணீரென்று கேட்டது. சிக்னல் லைற்றும் பளிச்சென்று மின்னியது. அப்படியானால் பற்றரியில் குறையில்லை. ஆனால் இடப்பக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். பிரேக்கைப் பிடித்தும் சிவப்பு லைற் எரியவில்லை. "வலப்பக்க பிரேக்கைப் பிடி" என்றேன். லைற் எரிந்தது. பொத்தானை அழுத்தினாள். வண்டி உடனே இயங்கியது!

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடித்தால்தான் ஸ்டார்ட் பொத்தான் வேலை செய்யும். பிரேக் பிடிக்கு உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சுவிச்தான் சிவப்பு லைற்றையும் எரிய வைக்கிறது, ஸ்டார்ட்டருக்கும் வழி விடுகிறது. இடப்பக்கச் சுவிச் பழுதடைந்திருந்தது. போன மாதமும் இதே அடையாளம்தான். பழுது பார்த்தவர் எதையும் பரீட்சித்துப் பாராமலே "பற்றரி போயிட்டு" என்று சொல்லிவிட்டார். இவளும் கேள்வி கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டாள்.

இப்படியான நிலை உங்களுக்கும் வரலாம். ஆகவே கராஜுக்கு ஆள் அனுப்பு முன் பின்வருவனவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

முதலில் காசு செலவில்லாதவை. தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா? முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். இருட்டாக இருந்தால் டோர்ச் லைற் பிடியுங்கள், நெருப்புக் குச்சியும் குப்பி விளக்கும் வேண்டவே வேண்டாம். வலப்பக்கக் கைபிடியில் சிவப்பு நிற எஞ்சின் சுவிச் இருந்தால் அது அணைந்திருக்கிறதா? பிள்ளைகள் ஏறி விளையாடும் வீடுகளில் அனேகமாக இதுதான் காரணம். பக்க ஸ்டாண்டை மடக்கினீர்களா? சில வண்டிகள் அது விரிந்திருந்தால் இயங்கா. மோட்டார் சைக்கிளானால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பெற்றோல் திறாங்கு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, காதால் கேளுங்கள். பொத்தானை அழுத்தும்போது "டிக், டிக்" என்று மட்டும் கேட்டு லைற்றும் மங்கினால் பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது அதன் முனைகளில் பூஞ்சணம் போல் உப்புப் பிடித்திருக்கலாம். கிக்கர் உள்ள பழைய கார்பரேற்றர் வண்டியானால், நடு ஸ்டாண்டில் நிறுத்திக் காலால் மிதியுங்கள். பற்றரி இறங்கியிருந்தாலும் பெரும்பாலும் இயங்கிவிடும். நமது தங்கச்சிக்கு அதை யாருமே பழக்கவில்லை. அபாயாவின் ஓரத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். லைற், ஹோர்ன் எதுவுமே இல்லையென்றால் பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ள பியூஸையே போட வேண்டும். கம்பித் துண்டு வைத்துக் கட்டினால் வயரே தீப்பிடிக்கலாம்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் குறை பெற்றோலிலோ, பிளக்கிலோ, காற்று வழியிலோ இருக்கும். பெற்றோல் வாடை பலமாக அடித்தால் எஞ்சின் நனைந்து போயிருக்கிறது. பத்து நிமிடம் விட்டு, சோக் போடாமல், அக்ஸிலேற்றரை முழுதாகத் திருப்பிக்கொண்டு சில தடவை மிதியுங்கள். மழையில் நின்ற வண்டியானால் பிளக் மூடியைக் கழற்றித் துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெற்றோல் பழுதாகிக் கார்பரேற்றரை அடைத்திருக்கும். 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்த நாட்களில் போத்தல்களில் சேமித்து வைத்து இந்த வில்லங்கத்தில் மாட்டியோர் பலர். புதிய இன்ஜெக்ஷன் வண்டிகளில் திறப்பைத் திருப்பியதும் இரண்டொரு விநாடி "ம்ம்ம்" என்ற பம்பின் ஓசை கேட்கும். கேட்காவிட்டால் அதனையே பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டாம். நல்ல பற்றரியும் தீர்ந்துவிடும். இயங்கியதும் வண்டியை வெளியே எடுங்கள். மூடிய அறைக்குள் அதன் புகை உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் பார்த்து முடியாவிட்டால் பழுது பார்ப்பவரைத் தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் "ஸ்டார்ட் ஆகுதில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஹோர்ன் அடிக்கிறது, சுற்றுகிறது, பற்றவில்லை" என்று விபரமாகச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும் "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். தெரிந்தவளிடம் பேசுகிறோம் என்ற எண்ணம் அவருக்கும் வரும்.

அன்று தங்கச்சி பாடசாலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். புதுச் சுவிச்சுக்குப் பற்றரியின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. மாலையில் அவளது மாமி என்னிடம் வந்து சொன்னார்: "மகள், அந்தப் பிரேக் லைற் விசயத்த எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்க. அவள் வெளிக்கிடக்குள்ள நான் பின்னுக்கு நிண்டு பார்த்துக்கிறன்."