பட்டியல் படிப்பு என்னும் பம்மாத்து

தென்காசி வட்டாரத்தில் பேங்க் தேர்வுக்கோ எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கோ படிக்கிற பிள்ளைகளுக்கு ஊரே சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை, கூடவே ஒரு பசில். பத்தை 365ஆல் பெருக்கினால் 3650. வருஷக் கடைசியில் அத்தனையும் மண்டையில் இருக்கும், ஆங்கிலப் பகுதி கைக்குள் வந்துவிடும் என்பது நம்பிக்கை. விடிந்ததும் டெலிகிராம் குழுவில் பட்டியல் வந்து விழுகிறது. நாளிதழ்த் தலையங்கத்தில் இருக்கும் கடினமான வார்த்தைகளை மட்டும் பொறுக்கியெடுத்து பி.டி.எஃப். ஆக்கியும் அனுப்புகிறார்கள். தலையங்கத்தைத்தான் படிக்க ஆளில்லை.

பெருக்கல் சரி. படிப்புதான் தப்பு.

தேர்வுகள் இந்தப் பாதையை விட்டு விலகி வெகுநாளாகிறது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட்டின் 2024 ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகள். அவற்றில் 16 நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. மிச்சம் எட்டும் சுருக்கம் காண்பது, வாக்கியத்துக்கு இடம் தேடுவது போன்றவை. ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று நேரடியாக ஒன்றுகூட இல்லை. சட்டப் படிப்புக்கான கிளாட் 2020 முதல் முழுக்கப் பத்திகளை வைத்தே கேட்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. எதிர்ச்சொல் கேள்விகளை 2011இலேயே தூக்கிவிட்டது. பழைய ஜி.ஆர்.ஈ. காலத்துப் பட்டியல் மோகம் மட்டும் நம் ஊரில் இன்னும் இறங்கவில்லை.

‘சாங்ஷன்’ என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் அதற்கு எதிரே ‘அனுமதி’ என்றிருக்கும். லோன் சாங்ஷன் ஆனதா என்று கேட்டுப் பழகிய ஊருக்கு அதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆனால் தேர்வுப் பத்தியில் ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு ‘சாங்ஷன்’ போட்டது என்று வந்தால் அது பொருளாதாரத் தடை. பட்டியலை நம்பியவர் நேர் எதிரான விடையைக் குறித்துவிட்டு வருவார். நாலு செய்திக் கட்டுரை ஒழுங்காகப் படித்தவருக்கு இதில் குழப்பமே வராது.

மறதி வேறு இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. சூழல் இல்லாத வார்த்தைப் பட்டியலும் கிட்டத்தட்ட அந்த அசைகளைப் போலத்தான்.

பசில் கதையும் இதேதான். சுடோகு போட்டால் மூளை கூர்மையாகும், ரீசனிங் தானாக வரும் என்கிறார்கள். ‘நேச்சர்’ இதழில் 2010இல் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் மூளைப் பயிற்சி செய்தார்கள். பழகிய பயிற்சியில் தேறினார்கள். பழகாத வேலைகளுக்கு அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை. பேங்க் வேலைக்கான ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் 35 ரீசனிங் கேள்விகளுக்கு 20 நிமிடம். அதில் ஒரு புதிரில் எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி, சிலர் உள்ளே பார்த்தும் சிலர் வெளியே பார்த்தும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே பார்ப்பவருக்கு இடம் வலம் மாறும். திசை தெரியாதவரைப் பற்றிய குறிப்பில் தொடங்கினால் இரண்டு படம் போட நேரும். திசை நிச்சயமானதில் தொடங்கினால் ஒன்றே போதும். இந்தப் பழக்கம் சுடோகுவில் வராது. போட்ட கணக்கைத் திரும்ப எடுத்து, எந்தக் குறிப்பில் தொடங்கியிருக்கலாம் என்று பார்ப்பவருக்கே வரும்.

படிப்பது எப்படி என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த இடம் குற்றாலம். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தது அவர் கம்பனின் ஒரே பாட்டை நிறுத்தி நிதானமாக, திரும்பத் திரும்பப் படித்துச் சுவை காட்டியதற்காக. அருஞ்சொல் பொருள் ஒப்பிப்பதைக் கேட்க யாரும் மலையடிவாரத்துக்கு ரயிலேறியிருக்க மாட்டார்கள்.

பட்டியலுக்கு இடமுள்ள தேர்வுகளும் உண்டு. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. போன்ற தேர்வுகள் ஒருபொருள், எதிர்ப்பொருள் சொற்களை இன்னும் நேரடியாகக் கேட்கின்றன. அதை எழுதுபவருக்குப் பட்டியல் ஓரளவு உதவும். தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 எழுதுபவருக்கோ அதுகூட இல்லை. 2022 முதல் அதில் பொது ஆங்கிலமே கிடையாது. தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் காலையில் பத்து இங்கிலீஷ் வார்த்தை போவது வீண் வேலை.

பயிற்சி நடத்துபவர்கள் பட்டியல் அனுப்புவதை இன்றோடு நிறுத்தட்டும். அதற்குப் பதில் ஒரு முழுக் கட்டுரையை அனுப்பி, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை மறுக்கிறார் என்று மூன்று வரியில் எழுதி வாங்கட்டும். மாணவர்களும் தாங்கள் எழுதப்போகும் தேர்வின் போன வருஷ வினாத்தாளை எடுத்து, அதில் நேரடியாக வார்த்தைப் பொருள் கேட்ட கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, காலை நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யட்டும்.