தேசப்படத்தைத் திறப்பவர் யார்?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பரம்பரை பரம்பரையாகச் சேனைப் பயிர் செய்துவந்த இலங்கைக் கிராமத்தவனிடம் நிலத்துக்கான சான்றைக் கேட்டது. சான்று காட்டவியலாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. சட்டத்தின் பின்னே அளவைச் சங்கிலியுடன் வந்தவன் நில அளவையாளன். அவன் வரைந்த படத்தில் கிராமத்தின் காடு கோப்பித் தோட்டமாயிற்று. அப்படத்தை வாசிக்கும் ஆற்றல் கிராமத்தவனுக்கு இருக்கவில்லை. அவன் இழந்தது முதலிலே காகிதத்தில், பின்னரே மண்ணில். தேசப்படம் என்பது நிலத்தின் நடுநிலையான சித்திரம் என்று இன்றும் போதிப்போர் இவ்வரலாற்றைச் சற்றே மீட்டுப் பார்த்தல் நன்று.

காகிதப் படத்தின் இடத்தைக் கணினிப் படம் பிடித்துக்கொண்ட இக்காலத்தில் நிலைமை பெரிதும் மாறிவிட்டதாகக் கூறுவதற்கில்லை. கலைப்பீடத்து மாணவன் புவியியல் தகவல் முறைமை என்னும் பாடத்தைக் கற்கிறான். அவன் கற்பது பெரும்பாலும் விலையுயர்ந்த வணிக மென்பொருளொன்றின் பொத்தான்களை. அதன் அனுமதிப்பத்திரம் ஆய்வுகூடத்துக் கணினிக்கு உரியது, மாணவனுக்கு உரியதன்று. வீட்டிலே பயிலவேண்டின் திருட்டுப் படியே கதி. பட்டம் பெற்று ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராய் அமரும்போது, நான்காண்டு கற்ற கல்வியைத் திறப்பதற்கான திறவுகோல் அவனிடம் இருப்பதில்லை. கற்றவனையே கல்வியிலிருந்து வெளியேற்றும் இவ்வேற்பாட்டை நவீனமயமாக்கம் என அழைப்பது நகைப்புக்கிடமானது.

மாற்றுவழி இல்லாமலில்லை. அலாஸ்காவில் வாழ்ந்த கரி ஷேர்மன் என்பவர் 2002இல் ஆரம்பித்த கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் இன்று எவரும் தம் கணினியில் நிறுவிக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளாக வளர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படைப்பிரிவு 1980களின் முற்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய கிராஸ் என்னும் முறைமையும் 1999 முதல் பொது அனுமதிப்பத்திரத்தின்கீழ் வழங்கப்படுகிறது. லான்ட்சாற் செய்மதிப் படிமங்களின் களஞ்சியத்தை ஐக்கிய அமெரிக்கா 2008இல் கட்டணமின்றித் திறந்துவிட்டது. ஆக, கருவியும் தரவும் வாயிலில் வந்து நிற்கின்றன. கதவைத் திறக்க மறுப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது நியாயம், இத்தகைய மென்பொருள் தரவுகளைப் “பார்ப்பதற்கு” மட்டுமே பயன்படும் என்பதாகும். கியூ.ஜி.ஐ.எஸ். தரவுகளைப் பார்வையிடும் எளிய கருவியாகவே தொடங்கியது என்பது மெய். ஆனால் இன்று அது ஆய்வுக் கருவிகள் பலவற்றையும் தன்னகத்தே கொண்டுள்ளது. அது ஒருபுறமிருக்க, பார்த்தல் என்பது அத்துணை அற்பமான செயலா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தின் குடியடர்த்தி சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 3,440, யாழ்ப்பாணத்தினது 630 அளவில், முல்லைத்தீவினது 38. இருபத்தைந்து மாவட்டங்களையும் சம இடைவெளிகளைக் கொண்ட ஐந்து வகுப்புகளாகப் பிரித்து நிறந்தீட்டினால், ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ 680 அகலமுடையதாகும். அப்போது யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஒரே நிறத்தைப் பெறும். பதினாறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு கண்ணிலிருந்து மறைந்துவிடும். இனி, வகுப்புக்கு ஐந்து மாவட்டங்கள் எனப் பகிர்ந்து தீட்டினால் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் வேறுபட்டுத் தோன்றும். ஆனால் கொழும்பும் அதன் ஐந்திலொரு பங்கு அடர்த்திகூட இல்லாத காலியும் ஒரே நிறமாகும். எண்கள் மாறவில்லை, பொய்யான எண் ஒன்றுமில்லை. படமோ இரு வேறு நாடுகளைக் காட்டுகிறது. அச்சிட்ட படத்தை மட்டும் பெறுபவன் பிறர் தெரிந்தெடுத்த நாட்டையே காண்கிறான். தரவைத் தானே திறப்பவன் வகுப்புகளை மாற்றி, மறைந்ததை வெளிக்கொணரலாம். ஒதுக்கீடுகளும் எல்லைகளும் இத்தகைய படங்களைக் காட்டியே தீர்மானிக்கப்படும் நாட்டில், பார்க்கும் உரிமை அரசியல் உரிமையாகும்.

இரண்டாவது நியாயம், தொழிற்சந்தை வணிக மென்பொருளையே வேண்டுகிறது என்பது. பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தை ஒரு கம்பனியின் விற்பனைப் பட்டியலுக்கேற்ப வகுக்கவேண்டுமெனில், அதனைப் பல்கலைக்கழகம் என அழைப்பானேன்? எறியம், அளவுத்திட்டம், படைகளை ஒன்றன்மேலொன்றாக இடுதல், இடஞ்சார் தொடர்பு ஆகியவற்றின் தத்துவத்தை அறிந்தவன் எக்கருவியையும் சில வாரங்களிற் பழகிக்கொள்வான். பொத்தானை மட்டும் அறிந்தவனோ அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் அரிச்சுவடி கற்கவேண்டியவனாவான். தவிரவும், பழக்கமே சந்தையை உண்டாக்குகிறது. ஆண்டுதோறும் ஒரே மென்பொருளிற் பயின்ற பட்டதாரிகளை அனுப்பிவிட்டு, அலுவலகங்கள் அதனையே கேட்கின்றன என வியப்பது, தானே ஊன்றிய வேலியைக் கண்டு வழியில்லை எனப் புலம்புவதை ஒக்கும்.

எனினும், மறுபக்கத்தில் நிற்கும் ஆர்வலரையும் விட்டுவிடலாகாது. மென்பொருளைத் தரவிறக்கியதும் அறிவு விடுதலை பெற்றுவிட்டதாக எண்ணும் பேதைமையும் பரவிவருகின்றது. இலங்கையில் இரு தேசிய ஆள்கூற்று வலைகள் வழக்கில் உள்ளன. ஒன்று கந்தவளையை ஆதாரமாகக் கொண்ட பழைய வலை. மற்றையது 1999ஆம் ஆண்டின் புதிய வலை. இரண்டும் பீதுருதாலகாலையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டவையே. ஆனால் பழையதில் அப்புள்ளிக்கு இரு திசையிலும் 2,00,000 மீற்றர் பெறுமானமும், புதியதில் 5,00,000 மீற்றர் பெறுமானமும் இடப்பட்டுள்ளன. பழைய வலையின் தரவைப் புதியதெனக் கூறித் திறந்தால், யாழ்ப்பாண நகரம் தெற்கே 300 கிலோமீற்றரும் மேற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் வீழும். மென்பொருள் இதற்கு மறுப்பேதும் கூறாது. வீழ்ந்தது நகரமாகையால் தவறு கண்ணிற் படும்; நூறு மீற்றர் பிழையில் ஓர் ஏழையின் காணி வெள்ள வலயத்துக்குள் தள்ளப்பட்டால் யார் கண்டுகொள்வார்? கட்டற்ற கருவி கற்றலின் தேவையைக் குறைப்பதில்லை, அதனைக் கூட்டுகிறது. ஆதலின் கற்பிக்கும் கடமையிலிருந்து விரிவுரையாளர் எவரும் விலகிக்கொள்ள இயலாது.

கருவியைத் திறந்துவிட்டுத் தரவைப் பூட்டி வைப்பதும் ஏற்புடையதன்று. பொதுமக்களின் பணத்தில் அளக்கப்பட்ட நிலத்தின் தரவு, அப்பொதுமக்களுக்கே விலைப்பொருளாவது என்ன நியாயம்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையை வழங்கியுள்ளது. கேட்பதற்குரிய அறிவை வழங்கவேண்டியது பல்கலைக்கழகமே. மொழியும் இங்கு ஒரு பூட்டாகும். முன்னைய தலைமுறையினர் எறியம், சமவுயரக்கோடு, இடவிளக்கப்படம் முதலான சொற்களை ஆக்கித் தமிழிலே புவியியலைப் போதித்துக் காட்டினர். அவர்தம் வழிவந்தோர் கணினித்திரையின் முன் அமர்ந்ததும் தமிழ் இயலாதென்பது நாணத்தக்கது. கட்டற்ற மென்பொருளின் சொற்களை மொழிபெயர்ப்பதற்கு எந்தக் கம்பனியின் அனுமதியும் வேண்டியதில்லை. தமிழ்ச் சங்கங்கள் விழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கினால் அதுவும் தமிழ்த்தொண்டேயாகும்.

இந்நாட்டவருக்கு இது இயலாத காரியமன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின், இலங்கைக் கணினி வல்லுநர் தன்னார்வமாக ஆக்கிய சகானா என்னும் கட்டற்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பிற நாடுகளின் இடர்களின்போதும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் நிறுவனத்தின் சமூகப் பயன்பாட்டு விருதையும் பெற்றது. துயரத்தின் நடுவே பிறருக்குக் கருவி செய்து கொடுத்த நாட்டின் பல்கலைக்கழகங்கள், அமைதியான ஆய்வுகூடத்தில் இரவற் கருவிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1840இன் கிராமத்தவனுக்குப் படத்தை வாசிக்கக் கற்பிப்பார் எவருமில்லை. அவனுடைய பேரப்பிள்ளைகள் இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் படத்தை வாசிக்க அறியாது வெளியேறுவார்களாயின், அக்குற்றத்தை இனிக் குடியேற்றவாதத்தின்மேற் சுமத்துதல் இயலாது.